ஐந்து மணிக்குக் காலாவதி

இரண்டே முக்காலுக்கே வாலுக்குக் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

அவள் உட்கார்ந்த நாற்காலி கிறீச் கிறீச்சென்று கத்தியது. எதிரில் தலைமைப் பொறியாளர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி, ஒரு இறக்கை வளைந்து, தடக் தடக்கென்று சுற்றியது. அந்த அறையில் அசையாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி துப்பறிவாளர். இன்னொருத்தி, ஐந்து மணிக்குக் கைதாகப் போகிற எழுத்தரம்மா.

"வாலு, காலை நிறுத்து," என்றாள் துப்பறிவாளர், திரும்பிப் பார்க்காமலே.

"நான் நிறுத்திட்டேன் அண்ணி. அதுதான் நிக்க மாட்டேங்குது."

துப்பறிவாளர் வாலுக்கு அண்ணன் மனைவி. வால் என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டம். அண்ணியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் அவள் வேலை. இறக்கிவிட்டதும் திரும்பாமல் பின்னாலேயே உள்ளே நுழைந்துவிடுவதால் பட்டமே பெயராக நிலைத்துவிட்டது. ஊரில் மற்ற நாத்தனார்கள் அண்ணியைப் பற்றி முதுகுக்குப் பின்னால் குறை சொல்வார்கள். வால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

"சார், இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா. இவளுக்கும் புரியணும்," என்றாள் அண்ணி.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு சார். அவங்களுக்குத்தான் புரியல. என் பேர்ல கேக்கறாங்க."

தலைமைப் பொறியாளர் நடையை நிறுத்தாமலே சொன்னார்.

"அரசாங்கக் கட்டடத்துக்கு காண்ட்ராக்டரோட வாய் வார்த்தைய நம்பி வேலை கொடுக்க முடியாது மேடம். ஒரு உத்தரவாத நிறுவனம் அவனுக்காகப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். அவன் பாதியில ஓடிட்டா, மீதி வேலைய முடிக்கிற செலவு அந்த நிறுவனத்தோடது."

"மாப்பிள்ளை ஓடிட்டா கல்யாணத் தரகரே மேடையில உக்காரணும்ங்கற மாதிரி," என்றாள் வால்.

"அந்த மாதிரிதான். பத்திரத்தோட அசல் எங்க இரும்புப் பெட்டியில இருக்கணும். விடுவிப்புக் கடிதத்தோட நாங்களே அசலைத் திருப்பிக் கொடுத்துட்டா, நிறுவனத்தோட பொறுப்பு அத்தோட சரி. இப்போ ஆஸ்பத்திரிக் கட்டடம் தூணோட நிக்குது. காண்ட்ராக்டர் ஓடி ஒரு மாசமாச்சு. பத்திரத்தக் கலர்ல நகல் எடுத்து, 'செலவ ஏத்துக்கோங்க'ன்னு எழுதினோம். கிளை மேலாளர் பதில் போடறார். உங்க பெட்டியில இருக்கறது போலியாம். அசலை ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடியே, கொடுத்த பதினாறாம் நாளே, நாங்க திருப்பி அனுப்பிட்டோமாம். அந்த விடுவிப்புக் கடிதத்துல..."

அவர் சொல்லாமல் எழுத்தரம்மாவைப் பார்த்தார்.

"என்னோட சுருக்கக் கையெழுத்து இருக்காம்," என்று எழுத்தரம்மாவே முடித்தாள். "நான் போடலை."

நாற்பத்தைந்து வயதிருக்கும். மேசை இழுப்பறையைக் காலி செய்து ஒரு துணிப்பையில் அடுக்கி வைத்திருந்தாள். மாற்றுக் கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, சீப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கைத்துண்டு, நான்காக மடித்து.

"என்னக்கா, சுற்றுலாவா கிளம்பறீங்க?" என்று கேட்டுவிட்டு வால் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எழுத்தரம்மா கோபிக்கவில்லை. "அவங்க வந்து நிக்கறப்ப நான் தேடிக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல. என் பொண்ணு ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவா. அவகிட்ட இன்னும் சொல்லலை. கதவு பூட்டியிருந்தா பயந்துடுவா."

வாலின் கால் அப்படியே நின்றுவிட்டது.

"பத்திரத்துக்குக் காலக்கெடு இன்னிக்கு அஞ்சு மணி," என்றார் பொறியாளர். "அசலைக் காட்டி உரிமை கோரினாத்தான் உண்டு. அசலை வெளிய கொடுத்தது இவங்கதான்னு மேலிடம் முடிவு கட்டிடுச்சு. போலீஸ் அஞ்சு மணிக்கு இங்க வருது."

"பெட்டியப் பாக்கலாமா?" என்றாள் அண்ணி.

இரும்புப் பெட்டி மூலையில் இருந்தது. அதற்குப் பின்னால் சுவர் பச்சை பிடித்து, குழாய்த் தண்ணீர் கசிந்து வழிந்தது. எழுத்தரம்மா திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்த வாலின் வெள்ளைச் சட்டைக்கை விளிம்பில் உரசியது. பழுப்பாக ஒரு கோடு.

"ஐயையோ, புதுச் சட்டை! இது இரும்புப் பெட்டியா, துருப் பெட்டியாக்கா?"

"ஒரு மழைக்காலம் போதும்மா, இதுல வச்ச கிளிப்பு துருவா உதிரும். பிளாஸ்டிக் கிளிப்பு வேணும்னு மூணு தடவ எழுதிட்டேன். தேவையில்லைன்னு மூணு தடவையும் திரும்பி வந்துச்சு."

தலைமைப் பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பத்திரம் மேசைக்கு வந்தது. தடித்த காகிதம், ஓர் ஓரத்தில் கிளிப்பு இருந்த இடத்தில் துருக்கறை. அண்ணி அதைப் பார்த்தாள், முகர்ந்தாள், பொறியாளரிடம் கொடுத்தாள். அவர் ஓர் உறையில் போட்டு அவளிடமே நீட்டினார்.

"மேலாளர் இதை இன்னிக்கே கையில கேக்கறார். அவங்க தலைமையகத்துக்கு அனுப்பணுமாம். கொடுத்துட்டு ரசீது வாங்கிக்கோங்க. அவர்கிட்ட இருக்கற அசலையும் கண்ணால பாத்துட்டு வந்து அறிக்கை கொடுத்துடுங்க."

"சரி சார். அப்படியே ஒரு கோரிக்கைக் கடிதத்துலயும் அதோட நகல்லயும் கையெழுத்துப் போடுங்க. இன்னிக்குத் தேதியில."

"போலிப் பத்திரத்துக்குக் கோரிக்கைக் கடிதமா? சிரிக்க மாட்டாங்க?"

"சிரிச்சா சிரிக்கட்டும். ரெண்டு காகிதம்தானே சார் செலவு."

பொறியாளர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மணி மூன்று ஐந்து.

ஸ்கூட்டர் நான்காவது சிக்னலில் மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு செங்கல் லாரி, பின்னால் ஒரு பேருந்து, இரண்டு பக்கமும் ஹாரன் சத்தம். வால் எச்சில் தொட்டுச் சட்டைக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போக மாட்டேங்குது அண்ணி. உள்பக்கம் வரைக்கும் இறங்கிடுச்சு."

"அதை விடு. உனக்கு ஒரு கேள்வி. உன்கிட்ட யாராவது கள்ளநோட்டு கொடுத்தா என்ன பண்ணுவ?"

"அடுத்தவங்க தலையில கட்டுவேன்."

"ரொம்ப நல்லவடி நீ. சரி, அடுத்தவங்க வீட்டுப் பெட்டியில ஒரு கள்ளநோட்டு இருக்கு. உன்கிட்ட நல்ல நோட்டு இருக்கு. நீ ஏன் அந்தக் கள்ளநோட்டு இன்னிக்கே, அஞ்சு மணிக்குள்ள, என் கைக்கு வரணும்னு துடிக்கிற?"

வால் யோசித்தாள். லாரி இரண்டடி நகர்ந்தது.

"மேலாளர் துடிக்கறாரா?"

"காலையிலேர்ந்து பொறியாளருக்கு மூணு தடவ போன் பண்ணியிருக்கார். ரெண்டரை வருஷம் பெட்டியில கிடந்த போலி இன்னும் ஒரு நாள் கிடந்தா அவருக்கு என்ன நஷ்டம்?"

"அப்போ..."

"அப்போன்னு எதுவும் இல்ல. வெறும் சந்தேகம்தான், கையில ஒண்ணும் கிடையாது. அதனால ஒரு ஏற்பாடு. உறையும் கடிதமும் உன் பையில இருக்கட்டும். அந்த ஆள் முன்னாடி நான் 'கொடு வாலு'ன்னு சொல்லுவேன். நீ கொடுக்காத. கீழ தபால் வாங்கற கவுண்டருக்குப் போய், அசலைக் காட்டி, கடிதத்த நீட்டி, நம்ம நகல்ல முத்திரை வாங்கிடு."

"நீங்க சொல்றத நான் எப்ப அண்ணி கேட்டிருக்கேன்?"

"அந்த நம்பிக்கையிலதான் சொல்றேன்."

சிக்னல் பச்சைக்கு மாறியது. லாரி மாறவில்லை. வால் நடைபாதையில் ஏற்றினாள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

உத்தரவாத நிறுவனத்தின் கிளை ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. கீழே கவுண்டர், மாடியில் மேலாளர். அவர்கள் நுழைந்தபோது மூன்று ஐம்பது. 'சார் கூட்டத்தில் இருக்கிறார்' என்று மாடியில் உட்கார வைத்தார்கள். நான்கு மணியாயிற்று. நான்கு பத்து. கதவின் கண்ணாடி வழியாக, கூட்டத்தில் இருக்கும் சார் தனியாக உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

வாலுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வது போலிருந்தது. மேசைமேல் கிண்ணம் நிறைய பிளாஸ்டிக் கிளிப்புகள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக. ஒன்றோடொன்று கோத்து மாலையாக்கினாள். முப்பத்தாறாவது கிளிப்பைக் கோத்து, மாலையைக் கையில் சுற்றிக்கொண்டபோது கதவு திறந்தது. நான்கு இருபத்தைந்து.

"மன்னிக்கணும் மேடம், மன்னிக்கணும்! வேலை உயிரை வாங்குது," என்றார் மேலாளர். மெழுகு பூசினாற்போன்ற முகம். "என்ன சாப்பிடறீங்க? டீ? காபி?"

"உங்க அசல் பத்திரம்," என்றாள் அண்ணி.

மேலாளர் சிரித்துக்கொண்டே ஒரு கோப்பைத் திறந்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள், அட்டையோடு சேர்த்து, பத்திரம். உறையோடு தன் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"பதினாறாம் நாள் வந்துச்சு. அன்னிக்கே இதுக்குள்ள போட்டுட்டோம். எங்ககிட்ட எல்லாமே சுத்தம். உங்ககிட்ட இருக்கறதோட கலர் நகலைப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு மேடம். பாருங்க, அசல்ல இந்த ஓரத்துல ஒரு கறை இருக்கா? அதைக்கூட விடாம அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க. அந்த அம்மா கெட்டிக்காரிதான்."

வால் எட்டிப் பார்த்தாள். அதே இடம், அதே வளைவு, அதே பழுப்பு. ஒன்றைப் பார்த்துத்தான் இன்னொன்றைச் செய்திருக்கிறார்கள். முதலில் வந்தது மேலாளருடையது என்றால் கதை முடிந்தது. கைத்துண்டை நான்காக மடித்து வைத்திருந்த அந்த அக்காவா இப்படி?

"இப்போ அந்தப் போலியைக் கொடுத்துட்டீங்கன்னா," என்று மேலாளர் கையை நீட்டினார்.

"கொடு வாலு," என்றாள் அண்ணி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வால் பையைத் துழாவினாள். உறை கையில் தட்டுப்பட்டது. கொடுத்துவிட்டால்தான் என்ன? எல்லாம் தெரிந்துவிட்டதே. ஆனால் அண்ணி சொன்னதைக் கேட்டுப் பழக்கமில்லை. கொடு என்று சொன்னதையும் அவள் கேட்கவில்லை.

"ஐயோ அண்ணி, ஸ்கூட்டர் பெட்டியில வச்சுட்டேன்!"

"உன்ன வச்சுக்கிட்டு நான் படற பாடு!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "போ, எடுத்துட்டு வா. சார், அந்த டீ இன்னும் இருக்கா?"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "தாராளமா. மெதுவா எடுத்துட்டு வரட்டும். அவசரமே இல்ல."

காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்தவர் அவசரமே இல்லை என்கிறார். வால் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

கவுண்டரம்மா இழுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மணி நான்கு முப்பத்தெட்டு.

"நாளைக்கு வாங்க."

"அஞ்சு மணி வரைக்கும்னு போர்டு சொல்லுதேக்கா."

"போர்டுக்கு பஸ் பிடிக்க வேண்டியதில்ல. எனக்கு இருக்கு."

"எங்க போகணும் சொல்லுங்க, ஸ்கூட்டர்ல விடறேன். முத்திரை மட்டும் போட்டுட்டு வாங்க."

"மேலாளர் கையெழுத்து இல்லாம கோரிக்கை எல்லாம் வாங்கக் கூடாது."

"ஒத்துக்கிட்டதுக்குத்தானே அவர் கையெழுத்து? வாங்கினதுக்கு உங்க முத்திரை போதுமே. தபால்காரர் கடிதாசு கொடுத்தா, உள்ள இருக்கறதுக்குச் சம்மதம்னா கையெழுத்துப் போட்டு வாங்கறீங்க?"

கவுண்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டிய இழுப்பறையை மறுபடி திறந்தாள். "வாய் இருக்கே உனக்கு! அசல் எங்க? பாத்துட்டுத்தான் போடுவேன்."

வால் பத்திரத்தை எடுத்து வைத்தாள். கவுண்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், வரிசை எண்ணைச் சரிபார்த்தாள், பிறகு பழக்கதோஷத்தில் புரட்டினாள்.

"கண்றாவி! யாரும்மா இதுல இரும்புக் கிளிப்பு போட்டது? பின்பக்கம் வரைக்கும் துரு இறங்கிடுச்சு. கை வச்சா ஓட்டை விழுந்துடும் போல. பிளாஸ்டிக் கிளிப்பு கூட வாங்க முடியாதா உங்க ஆபீசுல?"

வால் தன் சட்டைக்கையைப் பார்த்தாள். புரட்டினாள். உள்பக்கம் அதே கோடு, பழுப்பாக.

துரு இறங்கும்.

மாடியில் இருக்கும் பத்திரம் பதினாறே நாளில் திரும்பி வந்ததாம். வந்த அன்றே பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டதாம். கிளிப்பும் பிளாஸ்டிக். அப்புறம் துரு எந்த வழியாக வந்தது?

"அக்கா! முத்திரை! சீக்கிரம்!"

டப். 'அசல் பார்வையிடப்பட்டது. பெற்றுக்கொள்ளப்பட்டது.' பக்கத்தில் நேரம் எழுதும் கட்டம். கவுண்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிதானமாக எழுதினாள். நான்கு நாற்பத்தாறு.

வால் மூச்சிரைக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது அண்ணி இரண்டாவது டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். மேலாளர் தன் சின்ன மகன் நீச்சல் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து மணிவரை எதையாவது சொல்லிக்கொண்டிருக்க அவர் தயாராக இருந்தார்.

"அண்ணி! அவர்கிட்ட இருக்கறதத் திருப்பிப் பாருங்க!"

மேலாளரின் கை கோப்புக்குப் பாய்ந்தது. வால் கையில்தான் முப்பத்தாறு கிளிப்பு மாலை இருந்ததே. அதை உருவி வீசினாள். அது அவர் மூக்கில் பட்டதோ இல்லையோ, அவர் பின்வாங்கினார். அண்ணி கோப்பை இழுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரத்தை உருவித் திருப்பினாள்.

பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அழகான கறை சார்," என்றாள் அண்ணி. "ஒரு பக்கம் மட்டும் வர்ற துருவ இப்பத்தான் பாக்கறேன். பிரிண்டர்ல வந்த துருன்னா மறுபக்கம் எப்படி இறங்கும்?"

"இது... இது அபாண்டம்."

"ரெண்டுலயும் ஒரே கறைன்னு நீங்களே காட்டினீங்க. எது எதைப் பாத்து வந்துச்சுங்கறதுதான் பாக்கி. ரெண்டரை வருஷம் கசியற குழாய்க்குப் பக்கத்துல கிடந்த காகிதத்துல துரு வந்தா நியாயம். அந்த ஆபீசுலேர்ந்து வந்த கலர் நகலை வச்சு நீங்க உக்காந்து ஒரு 'அசல்' தயாரிச்சீங்க. துருவையும் சேத்தே தயாரிச்சுட்டீங்க. விடுவிப்புக் கடிதத்துல இருக்கற அந்த அம்மாவோட கையெழுத்தும், நகலோட வந்த கடிதத்துல அவங்க போட்டதப் பாத்து எடுத்ததுதான்."

"அது அசலாவே இருந்தாலும்..." மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு ஐம்பத்து மூன்று. முகத்தில் மெழுகு திரும்பவும் படிந்தது. "முறைப்படி கோரிக்கை வரலையே மேடம். இன்னும் ஏழு நிமிஷத்துல அது வெறும் காகிதம்."

வால் முத்திரை விழுந்த நகலை அவர் முன்னால் விரித்தாள்.

"உங்க கவுண்டர், உங்க முத்திரை. 'அசல் பார்வையிடப்பட்டது'ன்னு உங்க ஆளே எழுதியிருக்காங்க. நேரம் கூடப் போட்டிருக்காங்க சார், ரொம்பச் சுத்தம்."

மேலாளர் உட்கார்ந்தார். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லவேளை, இருந்தது.

"ஏன்னு நான் சொல்லட்டுமா?" என்றாள் அண்ணி. "இந்தப் பத்திரத்துக்காக நிறுவனம் செலவு பண்ணினா, உங்க தலைமையகம் கேக்கற முதல் கேள்வி, காண்ட்ராக்டர்கிட்ட எந்தச் சொத்த ஈடா வாங்கினீங்கங்கறது. அதை வாங்காம பத்திரம் கொடுக்கக் கூடாதுங்கறது உங்க விதி. எடுங்க சார், அந்த ஈட்டுப் பத்திரத்தப் பாப்போம்."

மேலாளர் எதையும் எடுக்கவில்லை. எடுக்க எதுவும் இல்லை.

அண்ணி தலைமைப் பொறியாளருக்கு போன் போட்டாள். "சார், அஞ்சு மணிக்கு வர்ற போலீஸ இங்க அனுப்பிடுங்க. முகவரி மட்டும் மாறிப்போச்சு."

கவுண்டரம்மாவுக்கு அன்று பஸ் போய்விட்டது. சாட்சி சொல்ல அவளையும் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் வாலைப் பார்த்த பார்வையில் அந்தப் பிளாஸ்டிக் கிளிப்பே துருப்பிடித்திருக்கும்.

பக்கத்து ஸ்டேஷனிலிருந்து போலீஸ் ஐந்து மணிக்கே வந்துவிட்டது. குறுக்குச் சந்துகளில் புகுந்து அவர்கள் அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஐந்து முப்பத்தைந்து. எழுத்தரம்மா துணிப்பையிலிருந்து பொருள்களை இழுப்பறைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். சீப்பு, மாற்றுக் கண்ணாடி. கைத்துண்டை மட்டும் மடிப்புக் கலைத்து முகத்தில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு பத்திரத்தை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

தலைமைப் பொறியாளர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அந்த பிளாஸ்டிக் கிளிப்பு விஷயம்... நாளைக்கே வாங்கச் சொல்லிடறேன்."

"வேண்டாம் சார்," என்றாள் எழுத்தரம்மா. "இரும்பே இருக்கட்டும். அந்தக் குழாயையும் சரி பண்ணிடாதீங்க."

வால் சிரித்த சிரிப்பில் மின்விசிறியின் தடக் தடக் கேட்கவில்லை. பிறகு கடிகாரத்தைப் பார்த்தவள் சாவியை எடுத்துக்கொண்டு குதித்தாள்.

"அக்கா, ஆறு மணிக்குப் பொண்ணு வந்துடும்ல? வாங்க, ஏறுங்க. சிக்னலே இல்லாத வழி ஒண்ணு எனக்குத் தெரியும். பாதி நடைபாதைதான்."

"அப்போ நான் எப்படிடி வீட்டுக்கு வர்றது?" என்றாள் அண்ணி.

வாசலைத் தாண்டிவிட்ட வாலின் குரல் மட்டும் திரும்பி வந்தது.

"கண்டுபிடிச்சு வாங்க அண்ணி. அதுதானே உங்க தொழில்!"